வானொளிப்படக் கருவிகள்: தென்னகத்து வானுக்கேற்ற அமைப்பும் கோளாறு நீக்கமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வானொளிப்படம் எடுப்பதற்குக் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை 40 முதல் 50 டிகிரி வடக்கு அட்சரேகையில் வாழ்பவர்களை நினைத்து எழுதப்பட்டவை. தமிழகமோ 8 டிகிரிக்கும் 13½ டிகிரிக்கும் இடையில் இருக்கிறது. யாழ்ப்பாணம் 10 டிகிரிக்குச் சற்றுக் கீழே. இங்கே துருவ நட்சத்திரம் அடிவானத்தை ஒட்டி நிற்கும். ஓரியன் கூட்டம் ஏறக்குறைய உச்சந்தலைக்கு வந்துவிடும். இரவிலும் வெப்பமும் ஈரப்பதமும் விடாது. அந்த வழிகாட்டிகளை அப்படியே பின்பற்றுவோருக்கு எழும் சந்தேகங்களுக்கான பதில்கள் இவை.

எதை முதலில் வாங்க வேண்டும்: தொலைநோக்கியா, கேமராவா?

இரண்டுமல்ல, மவுண்டைத்தான். பூமியின் சுழற்சிக்கு ஈடுகொடுத்துக் கேமராவைத் திருப்பிக்கொண்டே இருக்கும் அந்தக் கருவி சரியாக அமைந்துவிட்டால், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவும் ஒரு 135 மி.மீ. லென்ஸும் போதும், அது சரியில்லையென்றால் எவ்வளவு விலையுயர்ந்த தொலைநோக்கியிலும் நட்சத்திரங்கள் கோடுகளாகத்தான் பதியும். தயாரிப்பாளர் சொல்லும் சுமையளவைக் கண்ணால் பார்க்கும் பயன்பாட்டுக்கானது என்று வைத்துக்கொண்டு, படமெடுக்கும்போது அதில் பாதி, மிஞ்சினால் 60 விழுக்காடு, அதற்குமேல் ஏற்றாமல் இருப்பது நல்லது. 1000 மி.மீ. குவியத் தூரமுள்ள நியூட்டன் வகைத் தொலைநோக்கியை முதல் கருவியாக வாங்கும்படி கடைக்காரர் வற்புறுத்தினால் ஏற்க வேண்டியதில்லை. ஏன் என்பது கீழே வரும் கணக்குகளில் தெரியும்.

டிராக்கர் (கேமராவைச் சுமந்து திருப்பும் சிறிய மவுண்ட்) இல்லாமல், வெறும் முக்காலியில் எவ்வளவு நேரம் எக்ஸ்போஷர் கொடுக்கலாம்?

இதற்கு "500 விதி" என்று ஒன்று பரவலாகச் சொல்லப்படுகிறது: 500ஐக் குவியத் தூரத்தால் வகுத்தால் விநாடிகள் கிடைக்கும் என்பது அது. ஃபிலிம் காலத்துக்குச் சரியாக இருந்த இந்த விதி இன்றைய நுண்ணிய பிக்சல்களுக்குத் தளர்வானது. பூமத்தியரேகைக்கு நேர் மேலே வானில் ஓடும் வான நடுக்கோட்டருகே உள்ள விண்மீன் விநாடிக்குச் சுமார் 15 ஆர்க் விநாடி (ஓர் ஆர்க் விநாடி என்பது ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்கு) நகர்கிறது. பிக்சலின் அளவை மைக்ரானில் எடுத்து, 206 ஆல் பெருக்கி, மி.மீ. கணக்கிலான குவியத் தூரத்தால் வகுத்தால், ஒரு பிக்சல் வானில் எத்தனை ஆர்க் விநாடியை மூடுகிறது என்பது தெரியும். 4.3 மைக்ரான் பிக்சல் கொண்ட கேமராவில் 24 மி.மீ. லென்ஸ் போட்டால் அது சுமார் 37. அந்தக் கேமராவின் சிறிய சென்சாரையும் கணக்கில் சேர்த்து 500 விதி தரும் 13 விநாடியில் விண்மீன் ஐந்து பிக்சலுக்கு மேல் இழுபட்டுவிடும். 5 முதல் 6 விநாடியே பத்திரம். 135 மி.மீ. லென்ஸில் ஒரு பிக்சல் 6.6 ஆர்க் விநாடி என்பதால் ஒரு விநாடி தாண்டினாலே நீட்சி தெரியத் தொடங்கும். அந்த நிலையில் டிராக்கர் வாங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

துருவச் சீரமைப்பு எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும்? என் மாடியிலிருந்து துருவ நட்சத்திரமே தெரியவில்லையே?

நம் பகுதியில் அதிகம் கேட்கப்படுவது இந்தக் கேள்விதான். துருவச் சீரமைப்பு என்பது மவுண்டின் சுழலும் அச்சை வானத் துருவத்தை நோக்கி நிறுத்துவது. துருவ நட்சத்திரத்தின் உயரம் நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகையே. சென்னையில் 13 டிகிரி, மதுரையில் 10க்குச் சற்றுக் குறைவு, கன்னியாகுமரியில் 8. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியோ தென்னை மரமோ அதை மறைத்துவிடும். மறைக்காவிட்டாலும் அடிவானத்துப் புழுதியிலும் நகர வெளிச்சத்திலும் இரண்டாம் தர ஒளியுள்ள அந்த விண்மீன் கரைந்துபோகும்.

முதலில் தேவையின் அளவைப் பார்ப்போம். மவுண்டின் அச்சு துருவத்திலிருந்து ஓர் ஆர்க் நிமிடம் (60 ஆர்க் விநாடி) விலகியிருந்தால், விண்மீன்கள் நிமிடத்துக்கு அதிகபட்சம் 0.26 ஆர்க் விநாடி வீதம் நழுவும். உண்மையான துருவத்தைத் தேடாமல் துருவ நட்சத்திரத்தையே அச்சின் மையத்தில் வைத்தால், அது துருவத்திலிருந்து முக்கால் டிகிரிக்குச் சற்றுக் குறைவாக விலகி இருப்பதால், நழுவல் நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 ஆர்க் விநாடி ஆகும். மேலே சொன்ன 135 மி.மீ. லென்ஸில் அரை நிமிட எக்ஸ்போஷருக்கு இதுவே போதும். பிழையை 5 ஆர்க் நிமிடத்துக்குள் கொண்டுவந்துவிட்டால் அந்த லென்ஸில் இரண்டு நிமிடம் எடுத்தாலும் அரைப் பிக்சல்கூட நகராது. அதே பிழை, 3.76 மைக்ரான் பிக்சல் கேமரா மாட்டிய 1000 மி.மீ. தொலைநோக்கியில் மூன்று பிக்சலுக்கு மேல் நீட்சியாகத் தெரியும். குறைந்த குவியத் தூரத்தில் தொடங்கச் சொல்வதன் காரணம் இதுதான்.

துருவ நட்சத்திரம் தெரியாத இடத்தில் மூன்று வழிகள் உண்டு. கணினியோடு கேமராவை இணைத்திருப்பவர்கள் படமெடுப்பதைக் கட்டுப்படுத்தும் நினா மென்பொருளில் செருகுநிரலாகச் சேர்க்கக்கூடிய மும்முனைச் சீரமைப்பைப் பயன்படுத்தலாம். அது வானின் எந்தப் பகுதியிலும் மூன்று படங்களை எடுத்து, அவற்றில் உள்ள விண்மீன்களை அடையாளம் கண்டு, அச்சு எந்தப் பக்கம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்லிவிடும். ஷார்ப்கேப் மென்பொருளின் சீரமைப்புக்குத் துருவத்தை ஒட்டிய வான்பகுதி தெரிந்தாக வேண்டும் என்பதால் தடுப்புள்ள மாடிகளுக்கு அது உதவாது. கணினியே இல்லாதவர்களுக்குப் பழைய நழுவல் முறை இருக்கிறது: தெற்கு–வடக்கு உச்சிக்கோட்டின் அருகே, வான நடுக்கோட்டை ஒட்டிய ஒரு விண்மீனைக் கவனியுங்கள், அது தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே அதிகம் திரும்பியிருக்கிறது, வடக்கே நழுவினால் மேற்கே. அதைத் திருத்திய பின் கிழக்கு வானில் தாழ நிற்கும் ஒரு விண்மீனைப் பாருங்கள். தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது, வடக்கே நழுவினால் உயர்ந்திருக்கிறது. பொறுமை வேண்டும், ஆனால் எந்த மாடியிலும் வேலை செய்யும்.

வடக்கை முதலில் தோராயமாகக் கண்டுபிடிக்கக் கைபேசித் திசைகாட்டியை மொட்டை மாடியில் நம்ப வேண்டாம். தளத்துக்குள் இருக்கும் கம்பிகள் அதைப் பல டிகிரி திருப்பிவிடும். இன்னொரு நுட்பமும் உண்டு. 10 டிகிரி உயரத்தில் காற்றுமண்டலம் ஒளியை வளைப்பதால் துருவம் இருக்கும் இடத்தைவிடச் சுமார் 5 ஆர்க் நிமிடம் உயரத் தெரியும். ஐரோப்பியர்கள் பொருட்படுத்தத் தேவையில்லாத இந்த விலகல் நமக்கு மேலே சொன்ன முழுப் பிழைக்குச் சமம். மென்பொருளில் ஒளிவிலகல் திருத்தம் என்ற தெரிவு இருந்தால் அதை இயக்கி வையுங்கள்.

மவுண்ட் அவ்வளவு தாழ இறங்க மறுக்கிறது. எடைத்தண்டு (தொலைநோக்கிக்கு ஈடான எடையைத் தாங்கும் கம்பி) முக்காலிக் காலில் இடிக்கிறது. என்ன செய்வது?

வாங்குவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. சில மவுண்ட்களின் உயரச் சரிசெய்கை 15 அல்லது 20 டிகிரிக்குக் கீழே வராது. விவரக்குறிப்பில் அட்சரேகை வரம்பைப் பார்த்த பிறகே பணம் கட்ட வேண்டும். வாங்கியாகிவிட்டது என்றால், முக்காலியின் வடக்குக் காலைச் சற்றுக் குட்டையாக்கி மொத்த அமைப்பையும் வடக்கே சாய்த்துச் சில டிகிரிகளைப் பெறலாம். மட்டம் சரியாக இல்லாவிட்டாலும் அச்சு துருவத்தை நோக்கினால் கண்காணிப்பு கெடாது. ஆனால் எடை ஒரு பக்கம் சாய்வதால் கவிழும் ஆபத்து உண்டு, கால்களில் மணல் மூட்டை கட்டுவது அவசியம். எடைத்தண்டு நம் அட்சரேகையில் ஏறத்தாழ நேர்க்கீழாகத் தொங்குவதால் வடக்கே நீட்டிய காலில் இடிக்கும். ஒரு கால் தெற்கே வருமாறு முக்காலியைத் திருப்பி வைத்தால் தண்டு மற்ற இரண்டு கால்களுக்கு இடையில் இறங்கும். அதுவும் போதாதபோது நடுவில் ஒரு நீட்டிப்புத் தூணைச் செருகலாம். எடைத்தண்டே தேவைப்படாத ஹார்மானிக் கியர் மவுண்ட்களில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அவற்றின் பல்சக்கரப் பிழை பெரியது, கைடிங் (துணைக் கேமரா ஒரு விண்மீனைப் பார்த்துக்கொண்டே மவுண்டைத் திருத்துவது) இல்லாமல் நீண்ட எக்ஸ்போஷர் எடுக்க முடியாது.

முடிவிலிக் குறியில் வைத்தும் ஃபோகஸ் சரியாக இல்லையே?

ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் பெரும்பாலும் முடிவிலியைத் தாண்டியும் சுழலும். குறியை நம்பக் கூடாது. பிரகாசமான விண்மீனை லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் இடத்தைப் பிடியுங்கள். ரஷ்யரான பாவெல் பாட்டினோவ் 2005ஆம் ஆண்டு உருவாக்கிய பிளவுத் தகட்டை லென்ஸின் முன் மாட்டினால் விண்மீனிலிருந்து மூன்று கதிர்கள் விரியும். நடுக்கதிர் மற்ற இரண்டுக்கும் சரிநடுவே வந்தால் ஃபோகஸ் துல்லியம். பிறகு தகட்டைக் கழற்ற மறக்க வேண்டாம். வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிட்டு, இரவு குளிரும்போது மறுபடி ஒருமுறை சரிபாருங்கள். சமவெளியில் இந்த மாற்றம் சிறியது, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலைகளில் கணிசமானது.

படம் முழுவதும் விண்மீன்கள் நீள்வட்டமாக இருக்கின்றன. கோளாறு எங்கே என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எதையும் திருகுவதற்கு முன் நீட்சியின் திசையைக் கண்டறிய வேண்டும். இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. இரண்டு நிமிட எக்ஸ்போஷர் ஒன்றைத் தொடங்கி, கடைசிப் பத்து விநாடிக்கு மட்டும் கண்காணிப்பை நிறுத்திவிடுங்கள். அந்தப் பத்து விநாடியில் ஒவ்வொரு விண்மீனும் ஒரு மெல்லிய வாலைப் பதிக்கும்; அந்த வால்தான் கிழக்கு–மேற்குத் திசை. வாலின் தலையில் இருக்கும் புள்ளியைப் பெரிதாக்கிப் பாருங்கள். புள்ளியும் வாலின் திசையிலேயே நீண்டிருந்தால் பிழை கண்காணிக்கும் மோட்டாரிலோ பல்சக்கரத்திலோ இருக்கிறது. வாலுக்குக் குறுக்காக நீண்டிருந்தால் துருவச் சீரமைப்பு சரியில்லை, அல்லது ஏதோ ஒரு திருகு தளர்ந்து அமைப்பு மெல்லச் சாய்கிறது.

கிழக்கு–மேற்குப் பிழை என்றால் வேகத் தெரிவை முதலில் பாருங்கள். டிராக்கர் விண்மீன் வேகத்தில் அல்லாமல் நிலவு வேகத்திலோ, டைம்லாப்ஸ் படத்துக்கான பாதி வேகத்திலோ நிற்பதும், வடக்கு–தெற்கு சுவிட்ச் தெற்கு அரைக்கோளத்துக்கு மாறியிருப்பதும் அடிக்கடி நடப்பவை. சுவிட்ச் மாறியிருந்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றி, நீட்சி டிராக்கர் இல்லாததைவிட இரு மடங்காகும். அடுத்தது சமநிலை. இரண்டு பக்க எடையும் மிகச் சரியாகச் சமமாக இருந்தால் பற்களுக்கு இடையிலுள்ள சிறு இடைவெளியில் அச்சு முன்னும் பின்னும் அசையும். கிழக்குப் பக்கம் சற்றே கனமாக இருக்குமாறு வைத்தால் பற்கள் எப்போதும் ஒரே பக்கமாக அழுந்தி நிற்கும். இவையெல்லாம் சரியாக இருந்தும் சில படங்கள் கூர்மையாகவும் சில படங்கள் நீண்டும் மாறி மாறி வந்தால் அது அச்சைத் திருப்பும் புழுப் பல்சக்கரத்தின் (வார்ம் கியர்) சுழற்சிப் பிழை; எக்ஸ்போஷரைக் குறைக்க வேண்டும் அல்லது கைடிங் சேர்க்க வேண்டும்.

திசையே ஒழுங்கில்லாமல் படத்துக்குப் படம் மாறினால் காற்று, நடமாட்டம், தொங்கும் கேபிள் ஆகிய மூன்றில் ஒன்று. மொட்டை மாடியில் ஒருவர் நடந்தாலே தளம் அதிரும். முக்காலியை மாடியின் நடுவில் வைக்காமல், சுவரோ தூணோ கீழே தாங்கும் இடத்தில் வையுங்கள். ஒரு புள்ளியைச் சுற்றி வில் வில்லாக வளைந்திருந்தால் அது புலச் சுழற்சி. துருவ அச்சு இல்லாத சாதாரண மவுண்டில் நீண்ட நேரம் எடுத்தால் இதைத் தவிர்க்க முடியாது. எதுவானாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றையும் சேர்த்து மாற்றிப் படம் தேறிவிட்டால், அடுத்த முறை அதே கோளாறு வரும்போது எதைத் தொடுவது என்று தெரியாது.

நடுவில் சரியாக இருக்கிறது, மூலைகளில் மட்டும் விண்மீன்கள் இழுபடுகின்றனவே?

கேமரா லென்ஸ் என்றால் துளையைக் குறையுங்கள். எஃப்/2 லென்ஸை எஃப்/2.8 அல்லது எஃப்/4க்குக் கொண்டுவந்தால் பெரும்பகுதி தீரும். புலத்தட்டையாக்கி (மூலைவரை விண்மீன்களைக் கூர்மையாக்கும் கூடுதல் லென்ஸ்) மாட்டிய தொலைநோக்கி என்றால் அதற்கும் சென்சாருக்கும் உள்ள தூரத்தை அளக்க வேண்டும். பெரும்பாலானவற்றுக்கு அது 55 மி.மீ. கேனான் இஎஃப் கேமராவுக்குள் 44 மி.மீ.யும் கேமராவைத் தொலைநோக்கியோடு இணைக்கும் டி-வளையத்தில் 11 மி.மீ.யும் சேர்ந்து அந்தக் கணக்கு இயல்பாகவே வந்துவிடும். வானியல் கேமராக்களில் நாம்தான் வளையங்களைக் கோத்துக் கூட்ட வேண்டும். இடையில் கண்ணாடி வடிகட்டி இருந்தால் அதன் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நான்கு மூலைகளிலும் விண்மீன்கள் மையத்திலிருந்து வெளிநோக்கி நீண்டால் தூரம் பெரும்பாலும் குறைவு. மையத்தைச் சுற்றுவதுபோல் நீண்டால் அதிகம். ஒரே ஒரு மூலை மட்டும் கெட்டிருந்தால் தூரத்தைக் குறை சொல்ல வேண்டாம், கேமரா சாய்ந்து மாட்டப்பட்டிருக்கிறது.

கைடிங் வரைபடம் அழகாக இருக்கிறது, படம் மட்டும் மோசமாக இருக்கிறது. ஏன்?

கைடு தொலைநோக்கியும் முதன்மைத் தொலைநோக்கியும் ஒன்றாக அசையவில்லை என்பதே பொருள். பிளாஸ்டிக் திருகுகளில் மாட்டிய கைடு குழாயைக் கழற்றி, உலோக வளையங்களில் இறுக்குங்கள். வரைபடமே மோசமாக இருந்தால் கைடிங்கை நடத்தும் பிஎச்டி2 மென்பொருளில் அளவீட்டை வான நடுக்கோட்டருகே, உச்சிக்கோட்டை ஒட்டிய விண்மீனில் மறுபடி செய்யுங்கள். கைடு எக்ஸ்போஷரை 2 முதல் 3 விநாடிக்கு உயர்த்துங்கள், அரை விநாடியில் எடுத்தால் காற்றின் நடுக்கத்தையே மவுண்ட் துரத்திக்கொண்டிருக்கும். ஒரே இடத்துக்கு வந்ததும் கோடு துள்ளினால் கேபிள் எங்கோ மாட்டி இழுக்கிறது.

ஒரு மணி நேரத்தில் லென்ஸ் மங்கிவிடுகிறது. பனியை எப்படித் தடுப்பது?

மார்கழி, தை மாதங்களில் இது தவறாமல் நடக்கும். லென்ஸின் முன்கண்ணாடிக்குச் சற்றுப் பின்னால் 12 வோல்ட் வெப்பப்பட்டையைச் சுற்றி, முன்னால் ஒரு நிழற்குழாய் மாட்டுங்கள். பனி படிந்த பிறகு பட்டையை இயக்குவதைவிட, தொடக்கத்திலிருந்தே குறைந்த வெப்பத்தில் விட்டுவைப்பது மேல். துணியால் துடைக்கவே கூடாது.

கடற்கரை நகரங்களில் வேறொரு வகை மங்கல் உண்டு: ஏசி அறையில் கிடந்த கேமராவை நேரே மாடிக்குக் கொண்டுபோனால் குளிர்ந்த கண்ணாடியின்மீது வெளியீரம் உடனே படியும், சில சமயம் உள்ளேயும் படியும். படமெடுக்கும் நாளில் கருவியை ஏசி இல்லாத அறையில் வைத்திருங்கள், அல்லது மூடிய பையிலேயே அரை மணி நேரம் வெளியே விட்டுப் பிறகு திறங்கள். வேலை முடிந்ததும் ஈரத்தோடு பெட்டிக்குள் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பது இங்கே கட்டாயம்.

குளிரூட்டும் கேமராவில் மைனஸ் 10 டிகிரி வைத்தால் எட்டவே மாட்டேன் என்கிறதே?

கேமராவில் பழுதில்லை. இவ்வகைக் கேமராக்கள் பொதுவாகச் சுற்றுப்புறத்தைவிடச் சுமார் 35 டிகிரி செல்சியஸ்தான் இறங்கும்; சித்திரை இரவில் வெளியே 30 டிகிரி என்றால் முழு வலுவில் ஓடினாலும் மைனஸ் 5 தான் எல்லை. விசிறி முழு வேகத்தில் திணறாதபடி, 70 முதல் 80 விழுக்காடு மின்சாரத்தில் நிலைக்கும் ஒரு வெப்பநிலையைத் தேர்ந்தெடுங்கள். கோடையில் 0 அல்லது 5, தை மாதத்தில் மைனஸ் 5. சென்சாரின் வெப்ப இரைச்சல் ஏறத்தாழ 6 டிகிரிக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால், 30லிருந்து 0க்கு வந்ததிலேயே கிடைக்க வேண்டிய பலனில் பெரும்பங்கு கிடைத்துவிடுகிறது.

நடுவில் மவுண்ட் தானாக நின்று மறுபடி தொடங்குகிறது. கேமரா இணைப்பும் அறுகிறது.

மின்னழுத்தம் விழுகிறது. யூபிஎஸ்ஸில் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி லெட்-ஆசிட் பேட்டரியைப் பலர் பயன்படுத்துகிறார்கள்; அதில் பாதியைத்தான் பேட்டரி கெடாமல் எடுக்க முடியும். குளிரூட்டி மட்டுமே 2 முதல் 3 ஆம்பியர் இழுக்கும் என்பதால் ஒன்றரை மணி நேரத்தில் அது படுத்துவிடும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி விலை அதிகம் என்றாலும் கடைசிவரை அழுத்தம் குறையாமல் கொடுக்கும். கம்பி தடிமனாகவும் குட்டையாகவும் இருக்கட்டும். யூஎஸ்பி 3 கேபிள் 3 மீட்டருக்கு மேல் வேண்டாம். விண்டோஸில் யூஎஸ்பி மின்சேமிப்பை அணைத்துவிடுங்கள்.

பல படங்களை ஒன்றாக அடுக்கிச் சேர்த்த பின் சாய்வான கோடுகளும் வட்ட வட்டமான கறைகளும் தெரிகின்றன. டார்க், ஃப்ளாட் எடுத்தால் போகுமா?

டார்க் என்பது மூடி போட்டு எடுக்கும் படம், ஃப்ளாட் என்பது ஒரே சீரான வெளிச்சத்தை எடுக்கும் படம்; இரண்டும் மற்ற படங்களைத் திருத்தப் பயன்படும். ஃப்ளாட்டால் கறைகள் போகும். அவை சென்சாருக்கு முன்னாலுள்ள தூசியின் நிழல். ஃபோகஸையும் கேமராவின் கோணத்தையும் மாற்றாமல், விடியற்காலையில் வெள்ளை வேட்டித் துணியை இரண்டாக மடித்து லென்ஸின்மீது இழுத்துப் பிடித்து வானைப் படமெடுத்தால் நல்ல ஃப்ளாட் கிடைக்கும். வெளிச்ச அளவைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் மேடு நடுவில் இருக்க வேண்டும். டார்க் படங்களை மூடி போட்டு, அதே எக்ஸ்போஷர், அதே ஐஎஸ்ஓ, அதே வெப்பநிலையில் எடுக்க வேண்டும். டிஎஸ்எல்ஆரில் வெப்பநிலை நம் கையில் இல்லாததால் அந்த இரவிலேயே எடுப்பது நல்லது.

சாய்வான கோடுகளுக்கு டார்க் முழு மருந்தல்ல. படத்துக்குப் படம் விண்மீன்கள் ஒரே திசையில் கொஞ்சம் கொஞ்சமாக நகரும்போது, சென்சாரின் நிலையான இரைச்சல் அந்தத் திசையில் கோடாக நீள்கிறது. இரண்டு மூன்று படங்களுக்கு ஒருமுறை மவுண்டைச் சில பிக்சல்கள் தாறுமாறாக நகர்த்திவிடும் டித்தரிங் முறையே இதைத் தீர்க்கும். டீப்ஸ்கைஸ்டாக்கர், சிரில் ஆகிய இரண்டு இலவச மென்பொருள்களும் அப்படி நகர்ந்த படங்களைத் தாமே ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திவிடும்.

நகரத்திலிருந்தே எடுக்க முடியுமா?

நெபுலாக்களை (ஒளிரும் வாயு மேகங்களை) எடுக்கலாம். 656 நானோமீட்டரில் ஒளிரும் ஹைட்ரஜன் ஆல்ஃபாவையும் 501 நானோமீட்டரில் ஒளிரும் ஆக்ஸிஜனையும் மட்டும் விடும் இரட்டைப்பட்டை வடிகட்டி, தெருவிளக்கு வெளிச்சத்தின் பெரும்பகுதியை வெட்டிவிடும். ஆனால் மாற்றம் செய்யாத டிஎஸ்எல்ஆரின் உள்வடிகட்டி அந்தச் சிவப்பு ஒளியையே பெருமளவு தடுப்பதால் அதில் இந்த வடிகட்டிக்குச் செலவழிப்பது வீண். எல்லா நிறங்களிலும் ஒளிரும் விண்மீன் மண்டலங்களுக்கு (கேலக்ஸிகளுக்கு) எந்த வடிகட்டியும் உதவாது, ஊருக்கு வெளியே போய்த்தான் ஆக வேண்டும்.

எந்த நாட்களில், எதைக் குறிவைப்பது?

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், தை முதல் பங்குனி வரை வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். நாட்காட்டியில் தேய்பிறை அஷ்டமிக்குப் பிறகு வரும் நாட்களில் நள்ளிரவு வரையும், வளர்பிறை அஷ்டமி வரையிலான நாட்களில் நள்ளிரவுக்குப் பின்னும் நிலவின் தொல்லை இல்லை. அமாவாசையை ஒட்டிய நாட்களில் இரவு முழுவதும் இருட்டுதான். மழை பெய்த மறுநாள் மாலை மடிக்கணினித் திரையைத் திறந்து வைத்தால் ஈசல்கள் மொய்த்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

தொடங்குபவர்களுக்கு ஓரியன் நெபுலாவும் கார்த்திகைக் கூட்டமும் ஏற்றவை. இவை தலைக்கு மேல் வரும்போது நீளமான தொலைநோக்கியின் பின்பகுதி முக்காலிக் காலில் இடிக்கக்கூடும். உச்சிக்கோட்டைத் தாண்டியதும் மவுண்டை மறுபக்கம் புரட்டிவிட வேண்டும்.

அதன்பின் தெற்கே திரும்புங்கள். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் உதிக்கவே உதிக்காத கரினா நெபுலா, மதுரையில் 20 டிகிரி உயரத்துக்கு வருகிறது. ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்து 32 டிகிரிக்கு மேல் ஏறுகிறது. ஜவ்வாது மலையில் காவலூரில் வானாய்வகம் அமைத்தபோதும் தென்வானம் எட்டும் அந்த அட்சரேகை ஒரு சாதகமாகவே கருதப்பட்டது. கரினா மார்ச் தொடக்கத்திலும், ஒமேகா சென்டாரி ஏப்ரல் நடுவிலும் நள்ளிரவில் உச்சிக்கோட்டுக்கு வரும். தாழ்ந்த உயரம் என்பதால் உச்சிக்கோட்டுக்கு முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேரம் மட்டுமே பயன்படுத்துங்கள். தெற்குப் பக்கம் நகரமோ நெடுஞ்சாலையோ இல்லாத இடத்தைப் பகலிலேயே போய்ப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, அந்த ஊர்க்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கருவியை இறக்குங்கள்.